முப்பத்து நான்கும் முப்பத்து நான்கும்

படப்பை,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள உங்களுக்கு யதுகிரி நமஸ்காரம். நானும் குழந்தை ஜாஹ்னவியும் சௌக்கியம். ஹோசூர் குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறீர்களா? மாட்டீர்கள், தெரியும்.

போனில் சொன்னால் பாதியிலேயே சரி சரி என்று வைத்துவிடுவீர்கள். உங்கள் கையெழுத்தும் வேண்டியிருக்கிறது. அதனால்தான் கூரியரில் கடிதம்.

சேரப்பணஞ்சேரியிலிருந்து பால் கொண்டுவரும் கனகம் போன வாரம் புலம்பினாள். ஏரிக்கரை பச்சையாத்தான் கீது, மாடு மட்டும் வாய் வெக்க மாட்டேங்குது என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அங்கே லாரி ஷெட் வருவதற்கு முன்பும், வந்து பத்து வருஷம் கழித்தும், அதே இடங்களில் தரையில் மரச்சட்டம் வைத்து அதற்குள் இருக்கும் செடிகளை எண்ணியவர் நீங்கள்தானே. அன்றைக்கும் முப்பத்து நான்கு வகை, இன்றைக்கும் முப்பத்து நான்கு வகை, மாற்றமில்லை என்று உங்கள் சர்வே கம்பெனி அறிக்கை கொடுத்தது.

உங்கள் இரண்டு நோட்டையும் எடுத்து வரிக்கு வரி ஒப்பிட்டேன். இரண்டிலும் இருப்பது பதினொன்றுதான். கொழுக்கட்டைப்புல், வல்லாரை, பொடுதலை, ஆரைக்கீரை என்று இருபத்து மூன்று போயே போய்விட்டன. பார்த்தீனியம், உண்ணிச்செடி என்று வேறு இருபத்து மூன்று வந்து உட்கார்ந்திருக்கின்றன. மாடு எதைத் தின்னும்?

தப்பு என்னுடையது. உங்கள் அறிக்கையை வீட்டில் டைப் அடிக்கும்போது பக்கம் கூடுகிறதென்று பெயர்ப் பட்டியலை எடுத்தது நான். மொத்தம் ஒன்றாயிருக்கவே, மாற்றமில்லை என்று ஒரு வரி சேர்த்ததும் நான்தான். நீங்களும் அவசரத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டீர்கள். அந்த ஒரு வரியைக் காட்டித்தான் மிச்ச மேய்ச்சல் நிலத்திலும் ஷெட் போட லாரிக்காரர்கள் அனுமதி கேட்கிறார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் விசாரணை.

இத்துடன் இருக்கும் தாளில் இரண்டு பட்டியலையும் எழுதி, முந்தைய அறிக்கை தவறு என்று கீழே குறிப்பிட்டு, என் கையெழுத்தையும் வைத்துவிட்டேன். நீங்களும் போட்டால் கம்பெனியில் சும்மா விடமாட்டார்கள். இத்தனை வருஷம் கான்ட்ராக்டிலேயே ஓடிய வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. தெரிந்துதான் கேட்கிறேன். பயமாகவும் இருக்கிறது.

போடாமல் திருப்பி அனுப்பினாலும் சண்டைக்கு வரமாட்டேன். என் பெயரில் மட்டும் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஆனால் டைப் அடித்தவள் பேச்சை அங்கே யார் காதில் வாங்குவார்கள்?

பெருமாள் உங்களுக்கு ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும். அந்தத் தாளில் என் பெயருக்கு மேலே உங்களுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
யதுகிரி