ஒரு கையால் கழற்றும் கிளிப்

போன மாதம் பார்சலைப் பிரித்ததும் வீடு முழுக்க ரப்பர் வாசனை. பஞ்சர் கடையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போடுவீர்களே, அந்த வாசனைதான். கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டேன். கூடத்திலிருந்து உங்கள் மகள், "எம்மா, பம்பு உள்ள கெடக்கான்னு பாரு" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

அவள் மீன் பிடிக்கிற மிதவை வாங்கியிருந்தாள். நீங்கள் லாரி டியூப்பின் குறுக்கே சாக்கைக் கட்டி அதில் உட்கார்ந்து போவீர்கள். அதற்கே இப்போது இருக்கை, சாய்மானம், இரண்டு பக்கமும் பை, தூண்டில் செருகக் குழாய் எல்லாம் வைத்துத் தைத்து விற்கிறார்கள். ஃப்ளோட் டியூப் என்று பெயராம். அதில் ஏறி விரால் பிடிக்கப் போவதாகச் சொன்னாள். வேறு எங்கே, நீங்கள் போன அதே குளத்தில்தான்.

நீங்கள் போய் நாலு வருஷம் ஆகிறது. அதுவரை ஒரு தடவைகூட நான் அந்தக் கரையை மிதித்ததில்லை. பஸ்ஸில் போனாலும் குளம் வரும் இடத்தில் கண்ணை மூடிக்கொள்வேன். நீங்கள் எப்படிச் செத்தீர்கள் என்பது ஊருக்குத் தெரியும். எதனால் என்பது எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. அதை நான் இவளிடம் சொல்லியிருக்கவில்லை. மிதவை வாங்கப் போகிறேன் என்று அவள் சொன்ன நாளிலிருந்து, சொல்லியே ஆக வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாய்தான் வரவில்லை.

வேண்டாம் என்று மூன்று மாதம் சொல்லிப் பார்த்தேன். லேபில் நாள் முழுக்க ரத்தம் எடுத்துவிட்டு வருகிறவள், ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் தண்ணீரில் மிதந்தால் என்ன என்று கேட்டாள். பிடித்த பிடியை விடுகிறவளா? உங்கள் ரத்தம். போகத்தான் போகிறாள், சாமானாவது சரியாக இருக்கட்டும் என்று கடைசியில் நானும் அவள் போனுக்குள் தலையை விட்டேன்.

அங்கே இருக்கிற சாமானைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. மிதவையிலேயே பல சாதி. வட்டமாக ஒன்று, நடு ஓட்டையில் கால் விட்டு உட்கார வேண்டும். "இது கவுந்தா எப்படிட்டி வெளிய வருவ?" என்றேன். அவளும் யோசித்துவிட்டு, முன்பக்கம் திறந்த லாடம் மாதிரி ஒன்றைக் காட்டினாள். அதில் காற்று இரண்டு அறையாகப் பிரிந்து நிற்குமாம், ஒன்று போனாலும் இன்னொன்று தாங்குமாம். முள் குத்தினால் என்று கேட்டேன். குளத்துக்குள் கிடக்கிற கருவேல முள்ளுக்கு எத்தனை டியூப்பைப் பறிகொடுத்திருப்பீர்கள்! மேலே கெட்டித் துணி உறை இருக்கிறது என்றாள். அவளுக்குப் பச்சை நிறம் பிடித்திருந்தது, மீன் மிரளாதாம். நான் ஆரஞ்சு என்றேன். மீன் மிரண்டால் மிரளட்டும், எனக்கு நீ தெரிய வேண்டும் என்றேன். ஆரஞ்சுதான் வந்தது.

அதோடு விட்டேனா? விசில் வேண்டும் என்றேன். தூண்டில் நரம்பு காலில் சுற்றினால் அறுக்கச் சின்னக் கத்தி வேண்டும் என்றேன். காலில் மாட்ட வாத்துக்கால் மாதிரி ரப்பர் துடுப்பு. காற்று எவ்வளவு என்று காட்டும் முள் வைத்த பம்பு. நீங்கள் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டிச் சத்தத்தைக் கேட்டே காற்று போதும் என்பீர்கள். இவளுக்கு முள் காட்ட வேண்டியிருக்கிறது. தவளை மாதிரி ஒரு ரப்பர் பொம்மையும் வாங்கினாள், விராலை ஏமாற்ற. பிடித்த மீனை முத்தம் கொடுத்துத் திரும்ப விட்டுவிடுவாளாம். அதற்கு எதற்கு இத்தனை செலவு என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது, கேட்கவில்லை. கடைசியாக உயிர்காக்கும் சட்டை. அதை மட்டும் நாலு நாள் பார்த்தோம். ஜிப் வைத்தது, நாடா வைத்தது, கிளிப் வைத்தது. நான் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்: ஒரு கையால் கழற்ற முடியுமா?

"மாட்டுததுக்குத்தான எல்லாரும் பாப்பாக? நீ என்ன கழட்டுததையே கேக்க?" என்றாள்.

அப்போதும் நான் சொல்லவில்லை.

நான் திருவேங்கடத்துப் பக்கத்துக்காரி என்று வாழ்நாளெல்லாம் கேலி செய்தீர்கள். "ஒங்க ஊர்ல தண்ணிய எட்டித்தான் பாக்கணும்" என்பீர்கள். உண்மைதானே. கரிசல் காட்டில் தண்ணீர் என்றால் அறுபதடிக்குக் கீழே கறுப்பாகத் தெரிவது. எங்கள் அப்பா கிணற்றில் தூர் எடுக்க இறங்குகிறவர். இறங்குகிறவர் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை மேலே நாலு பேர் பிடித்திருப்பார்கள். முடிச்சு முதுகுப் பக்கம் இருக்கும். பாதி ஆழத்தில் மூச்சு முட்டி மிரண்டுபோனவன் தன்னையறியாமல் அவிழ்த்துவிடுவான் என்று பயந்து அப்படி ஒரு வழக்கம். நனைய நனைய இறுகும் முடிச்சு அது. மேலே வந்த பிறகு வேறு ஒருவர்தான் அவிழ்த்துவிட வேண்டும். தெரு விளையாட்டிலேயே அதைப் போடக் கற்றவள் நான்.

கல்யாணமாகிக் குத்துக்கல்வலசைக்கு வந்து, நீங்கள் லாரி டியூப்பில் மிதந்ததை முதன்முதல் பார்த்த அன்று எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு கயிற்றோடு வாசலில் நின்றேன். "நான் என்ன கெணத்துக்குள்ளயா போறேன்?" என்று சிரித்தீர்கள். அழுதேன். "சரி, கெட்டிவிடு. ஒனக்கு நிம்மதியா இருக்கும்லா" என்று முதுகைக் காட்டினீர்கள். அன்றிலிருந்து இருபத்தி மூன்று வருஷம், ஞாயிறு தவறாமல் நான் கட்டிவிட்டேன், மகள் வந்த பிறகு அவள் எழுந்திருக்கும் முன்பே. மறுமுனையை நீங்கள் டியூப்பில் கட்டிக்கொள்வீர்கள். குளத்திலிருந்து டியூப்பைத் தோளில் போட்டு, இடுப்புக் கயிற்றோடேயே வீடு வருவீர்கள், உங்களால் அவிழ்க்க முடியாது என்பதால். மகள் பார்த்தால் சிரிப்பாள் என்று கொல்லைப்பக்கமாக வந்து முதுகைத் திருப்பி, "அவுத்துவிடுட்டி, கூட்டுவண்டி மாடு மாதிரி நிக்கேன்" என்பீர்கள். என் நகம் உடையும். உடைந்தால் எனக்குப் பெருமை, அவ்வளவு இறுக்கமாகப் போட்டிருக்கிறேன் என்று.

கிணற்றில் மறுமுனையில் நாலு ஆள் நின்றார்கள். குளத்தில் மறுமுனையில் காற்றடைத்த ரப்பர் இருந்தது. இந்த வித்தியாசம் இருபத்தி மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட எனக்கு உறைக்கவில்லை.

அந்தக் கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. குற்றாலத்தில் குளிக்க விடவில்லை, சீசன் இல்லாத காலத்திலும் வரும் கார்கள்கூட வரவில்லை, கடையில் வேலை இல்லை. குளம் நிறைந்து, மிச்சத் தண்ணீர் வெளியே விழும் மறுகால் பாய்ந்தது. "மறுகால் பக்கம் போவ மாட்டேன்" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தீர்கள். மழையாயிற்றே என்று நான் முடிச்சுக்கு மேல் இன்னொரு முடிச்சுப் போட்டேன். இரண்டு தரம் இழுத்தும் பார்த்தேன்.

கரையில் நின்ற ஆட்டுக்காரர் துட்டி வீட்டில் இழவுக்கு வந்த எல்லோரிடமும் சொன்னார். "அடிச்ச காத்து, டியூப்ப மறுகாலுக்குத் தள்ளிட்டு. அண்ணாச்சி சடக்குன்னு தண்ணில குதிச்சு கரையப் பாக்க நீந்துனாக. கரைக்கு நாலு முழந்தான். அங்கன வந்துட்டாக. பொறவு யாரோ பின்னால இருந்து பிடிச்சு இழுத்தாப்ல போயிட்டாக."

சுழி இழுத்துவிட்டது என்றார்கள். குளத்து ஆவி என்றார்கள் சிலர். டியூப் அறுத்துக்கொண்டு வெள்ளத்தோடு போயிருந்தது; உங்கள் இடுப்பில் மிச்சமிருந்த கயிற்றை மீன் கட்ட வைத்திருந்தது என்று நினைத்து அரிவாளால் அறுத்துப் போட்டுவிட்டுத்தான் உங்களைத் தூக்கினார்கள். நான் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் இருந்து இழுத்தது யார் என்று எனக்குத் தெரியும். நீங்கள் நல்ல நீச்சல்காரர். டியூப் பக்கத்து முடிச்சை அவிழ்க்க அவகாசம் இருந்திருக்காது; டியூப் மறுகாலுக்குக் கீழே விழுந்தது, அதோடு கட்டியிருந்த கயிறு உங்களையும் கொண்டுபோனது. முதுகில் கையை விட்டு எவ்வளவு நேரம் தடவினீர்களோ.

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயந்திரம். மறுநாள் முதல் தடவையாகக் குளத்துக்குப் போவதாக இருந்தது. கூடத்தில் மிதவை ஊதி நிற்கிறது, சாமான் எல்லாம் வரிசையாகக் கிடக்கிறது. நான் பார்த்துப் பார்த்து வாங்க வைத்த எதுவும் விட்டுப்போகவில்லை. அப்போது அவள் பையிலிருந்து ஒரு நீலக் கயிற்றை எடுத்தாள். தென்காசிக் கடைத்தெருவில் வாங்கினாளாம்.

"எம்மா, நீ ரொம்பப் பயப்படுத. அதான் இது. அப்பா மாதிரி நானும் இடுப்புல கெட்டிக்கிடுதேன்" என்றாள். நீங்கள் டியூப்பில் உட்கார்ந்து சிரிக்கிற படம் அவள் போனில் இருக்கிறது. அவள் கோயம்புத்தூரில் படித்தபோது நீங்கள் அனுப்பியது. அதைப் பெரிதாக்கிப் பார்த்து, முதுகுப் பக்கம் கயிற்றைக் கொண்டுபோய்த் தடவினாள். "அப்பா எப்படித்தான் பின்னால கைய விட்டுப் போட்டாகளோ, எனக்கு வரமாட்டேங்கு. ஒனக்குத் தெரியுமா?"

என்னுடைய பயத்துக்காக இவளும் முதுகைக் காட்டுகிறாள். சொன்னால் என் மகள் எனக்கு இல்லை. சொல்லாவிட்டால் எனக்கு மகளே இல்லை. கயிற்றை அவள் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன்.

"அவுக போடலட்டி. நான் போட்டது" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கிணறு, முடிச்சு, இரண்டாவது முடிச்சு, நாலு முழம். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை, மிதவையைப் பார்த்துச் சொன்னேன்.

"தன்னால அவுக்க முடியாதுன்னு அப்பாவுக்குத் தெரியும்லா?" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா கெட்டிக்கிட்டாக?"

"எனக்காக."

எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் குளத்துக்குப் போகவில்லை. மூன்று நாள் என்னோடு பேசவில்லை. தானே சோறு போட்டுத் தின்றாள், வேலைக்குப் போனாள், வந்தாள், படுத்தாள். தண்ணீருக்குப் பயந்ததெல்லாம் ஒரு பயமே இல்லை என்று அந்த மூன்று நாளில் தெரிந்துகொண்டேன். அவள் வண்டிச் சத்தம் தெருவில் கேட்டாலே கூடத்திலிருந்து எழுந்து போய்விடுவேன். இன்றைக்குச் சொல்லிவிடுவாள், நீதான் கொன்ன என்று சொல்லிவிடுவாள் என்று அடுக்களைக்குள்ளேயே கிடந்தேன்.

நாலாம் நாள் கூடத்திலிருந்து கூப்பிட்டாள். "எம்மா, இங்கன வா." உயிர்காக்கும் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றாள். "இந்தக் கிளிப்ப ஒரு கையால கழட்டுதேன், பாரு." வலது கையால் கழற்றினாள். இடது கையால் கழற்றினாள். கண்ணை மூடச் சொன்னேன், மூடிக்கொண்டு கழற்றினாள். கையை நனைத்துக்கொண்டு வரச் சொன்னேன், சோப்பே போட்டுக்கொண்டு வந்தாள். டக்கு, டக்கு என்று அது விட்டது. எனக்கு அழுகை வந்தது. அவளும் அழுதாள். "நீ செஞ்சது தப்புதான். இல்லன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள். மூக்கைச் சிந்திக்கொண்டு, "ஆனா ஒனக்குப் பயமா இருந்தா இனி வாயால சொல்லு. கெட்டாத" என்றாள்.

அந்த வாரமே இன்னொரு பார்சல் வந்தது. அதே ஆரஞ்சுச் சட்டை, அளவு மட்டும் பெரிது. யாருக்கு என்றேன். எனக்காம். "நான் கரையிலதானட்டி நிக்கப் போறேன்?"

"எனக்கு ஒண்ணுன்னா நீ கரையில நிப்பியா? நீச்சல் தெரியாம குதிப்ப. போடு."

நேற்று ஞாயிறு, போனோம். பங்குனி வெயில், பாதிக் குளம்தான் தண்ணீர், மறுகால் கல் காய்ந்து கிடந்தது. அதைப் பார்த்தேன், ஓரக்கண்ணால்தான். நான் ஆரஞ்சுச் சட்டையோடு கரையில் நின்ற கோலத்தைப் பார்த்துத் துணி துவைக்க வந்த பெண்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். வாத்துக்கால் மாட்டினால் முன்னால் நடக்க முடியாதாம், பின்பக்கமாகத்தான் தண்ணீருக்குள் இறங்க வேண்டுமாம். அதனால் அவள் என்னைப் பார்த்தபடியே இறங்கினாள். மிதந்து போனதும் அப்படித்தான். காலை உதைக்க உதைக்க மிதவை பின்னால் போயிற்று, அவள் முகம் என் பக்கமே இருந்தது, சின்னதாகிக்கொண்டே போயிற்று.

உங்கள் நாலு முழம் எந்த இடம் என்று என் கண் தேடியது. கையில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அப்போதுதான் வாயைத் திறந்து, "ஏட்டி, பயமா இருக்குட்டி!" என்று கத்தினேன். துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

தண்ணீருக்குள்ளிருந்து கையை ஆட்டினாள். "எம்மா, நீ கத்துதது கேக்கு! இன்னும் சத்தமா!"

அவள் கரையேறும்வரை கத்தினேன். தொண்டை கட்டிப்போய், இப்போது காற்றுதான் வருகிறது. அதனால்தான் பேசாமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அடுத்த ஞாயிறும் போகிறாளாம். பயம் குறையவில்லை, குறையும் என்றும் தோன்றவில்லை. இருபத்தி மூன்று வருஷத்தில் ஒரு ஞாயிறாவது நான் உங்கள் கூடக் கரைவரை வந்து, இப்படிக் கத்தியிருக்கலாம். நீங்கள் திரும்பி வந்திருப்பீர்கள்.