காய்ந்த கோப்பையில் முளைத்த பயறு

அசாம் ஜாவா

அன்பு மகள் ஜஸ்மினுக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் இங்கு நாங்கள் சுகம், அந்த டப்ளின் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் துஆ. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, மீன் குழம்புத் தூள் அரைத்து இந்தப் பார்சலில் வைத்திருக்கிறாள். சாப்பாட்டுக் கடையை உன் தம்பி அஸ்ருல் பார்த்துக்கொள்கிறான், எனக்கு வாய்க்கு மட்டும்தான் வேலை. தினமும் வாட்ஸ்அப்பில் பேசுகிறவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதனால்தான்.

உன் மகள் ஹுமைராவின் இஸ்லாமியப் பள்ளியில் பதிலைச் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள், பிள்ளைகளே கேள்வி கேட்டு, செய்து பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும், அதற்காகத்தானே தேடிச் சேர்த்துவிட்டுப் போனாய். வீட்டில் அவள் கேட்கிற கேள்வி போதாதா என்று நான்கூடக் கிண்டல் செய்தேன். விதை முளைக்க என்ன வேண்டும் என்பது இந்த மாதக் கேள்வி. ஆளுக்கு இரண்டு கோப்பை மண், பச்சைப்பயறு, ஒன்றுக்குத் தண்ணீர் உண்டு, மற்றதற்கு இல்லை. உன் மகள் சும்மா இருப்பாளா, காய்ந்த கோப்பைக்குத் துஆ செய்தால் முளைக்குமா என்று கேட்டிருக்கிறாள். பாடம் நடத்தும் உஸ்தாஸா கோபப்படவில்லையாம், செய்து பார், பார்த்ததைப் பார்த்தபடி வந்து சொல் என்றாராம். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் சமையலறை ஜன்னலில் அந்தக் கோப்பைக்கு முன்னால் கையேந்தி நின்றாள். ஒரு வாரமாகியும் ஒன்றும் முளைக்கவில்லை. என் மடியில் வந்து உட்கார்ந்து, அல்லாவுக்கு என்னைப் பிடிக்கலையா நன்னா என்று கேட்டாள். எனக்குத் தாங்கவில்லை ஜஸ்மின். அவள் குர்ஆன் வகுப்புக்குப் போனபோது, கடையில் முளைகட்டியிருந்த பயறு ஒன்றைக் கொண்டுவந்து அதில் நட்டுவிட்டேன், அவள் பார்க்காத நேரத்தில் தண்ணீரும் ஊற்றிவந்தேன்.

அவள் சந்தோஷத்தைப் பார்த்து ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்தேன். அவளோ வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். மற்றப் பிள்ளைகளும் நல்லாயிருந்த செடிக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டுத் துஆ செய்திருக்கிறார்கள், எல்லாம் வாடிவிட்டது. நான் கெட்ட பிள்ளையா என்று ஒரு பையன் வீட்டில் அழுதானாம். பெற்றோரை அழைத்து, கோப்பைகளையும் கொண்டுவரச் சொன்ன நாளில் நானும் பின்வரிசையில் இருந்தேன். உஸ்தாஸா யாரையும் குற்றம் சொல்லவில்லை, இப்போது நம்மிடம் என்ன கேள்வி இருக்கிறது என்று மட்டும் கேட்டார். ஹுமைராவே போய்த் தன் கோப்பையில் விரலை விட்டாள், மண் ஈரம். இன்னும் தோண்டினாள், அவள் போட்ட பயறு அடியில் ஊறி வெடித்துத் தனியாகக் கிடந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவனுக்கு அதை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. இதுதான் நான் போட்டது, அது வேற யாரோ வச்சது என்று பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். எழுந்து நின்று, நான்தான் வைத்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அந்தச் சின்னப் பிள்ளைகளிடம் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால்கூடத் தேவலை. அல்லாஹ்வின் பெயரால் பொய்யை நட்டுவைத்தேனே என்று அன்றிலிருந்து தொழுகையில் நிற்கவே கூசுகிறது.

காரில் வீட்டுக்குத் திரும்பினோம். நம் அசாம் ஜாவா சிக்னலில் நின்றபோது, அம்மா பெருநாளைக்கு வருவாங்கன்னு சொன்னீங்களே நன்னா, அதுவும் நீங்க வச்சதா என்று கேட்டாள். லீவு கிடைத்தால் பார்க்கலாம் என்றுதான் நீ சொன்னாய், அவள் ஏங்கி அழுத ஒரு நாளில் நிச்சயம் வருகிறாள் என்று சொன்னவன் நான்தான். அவள் தான் போட்ட அந்தப் பயறை வேறு கோப்பையில் போட்டு இப்போது தண்ணீரும் ஊற்றுகிறாள், துஆவும் செய்கிறாள். கோப்பை அவள் அறையில் இருக்கிறது, என்னைத் தொடவிடுவதில்லை.

குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, நேரத்துக்குச் சாப்பிடு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல சுகமும் தரட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. லீவு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் என்னிடம் சொல்லாதே மகளே, அவளையே கூப்பிட்டுச் சொல். நான் சொன்னால் இனி விரலை விட்டுப் பார்ப்பாள்.

உன் துஆவை நாடும் அத்தா,
சலாவுதீன்