எடுத்துக்காட்டு 31

கோதென்பர்க்
14-11-2004

அன்புள்ள ரிபாய்,

நான் நலம். உன் நலத்தைப் பற்றி மூன்று பக்கத்துக்குக் குறையாமல் எழுது. காரணம் இருக்கிறது.

இங்கே சுவீடிஷ் வினைச்சொற்களை ஆராய்கிறேன். செய்தித்தாள், நாவல் எல்லாவற்றிலிருந்தும் லட்சக்கணக்கான வாக்கியங்களைக் கணினியில் கொட்டிவைத்திருக்கிறோம். தரவகம் என்று பெயர். இவர்கள் ‘ஹான் யிக் ஓ தூக்’ என்பார்கள்: ‘அவன் போய்ச் செத்தான்.’ எங்கும் போகவில்லை, கட்டிலிலேயே செத்தான். நாம் ‘செத்துப் போனான்’ என்கிறோம். சாகிறவனை இரண்டு மொழியும் ஏன் நடக்கவைக்கின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி.

தமிழ்ப் பக்கத்துக்கு, பேசுகிற மாதிரியே எழுதுகிற ஆள் வேண்டும். மதுரை விடுதியில் உன் பேச்சைக் கேட்டு மூன்று வருஷம் தூக்கம் கெட்டவன் நான். உன்னைவிட்டால் யார்?

என்றும் உன்
மணி

மனாமா
20-1-2005

அன்புள்ள மணி,

என் பேச்சுக்கு ஐரோப்பாவில் கிராக்கி என்று பெருமையாக இருக்கிறது. இங்கே அரபி வாடிக்கையாளர்கள் “யல்லா, யல்லா” என்று என்னைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள். முதல் இரண்டு பக்கத்தில் குதைபியாக் கடைத்தெரு முழுவதையும் எழுதிவைத்திருக்கிறேன். வினைச்சொல் வேண்டிய மட்டும் பொறுக்கிக்கொள்.

இந்த மூன்றாம் பக்கம் ஆராய்ச்சிக்கு இல்லை. உனக்கு.

துணிக்கடையை மூடித் தொலைத்தேன், மதீனாவிடம் இன்னும் சொல்லவில்லை. இப்போது ஈசா என்பவரின் சூப்பர் மார்க்கெட்டில் கல்லாவில் நிற்கிறேன். எட்டு மாதமாகிறது. கீழக்கரையில் மனைவி மதீனா என்னை இன்னும் முதலாளி என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாள். மகள் ஸஹ்ராவுக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள், அங்கேயும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். எப்படிச் சொல்வது என்று நீதான் யோசனை சொல்ல வேண்டும். வேறு யாருக்கும் தெரியாதுடா.

உன்
ரிபாய்

கோதென்பர்க்
9-3-2006

அன்புள்ள ரிபாய்,

தாமதத்துக்கு மன்னி. உன் கடிதம் பொக்கிஷம், குறிப்பாக மூன்றாம் பக்கம். ‘மூடித் தொலைத்தேன்’! அந்தத் ‘தொலை’ என்ற துணைவினையில் எரிச்சல், வருத்தம், விடுதலை மூன்றும் இருக்கின்றன. சுவீடிஷில் இதற்கு ஈடு தேடி ஒரு வருஷம் போனது.

கட்டுரை வெளிவந்துவிட்டது. அச்சகத்தார் தமிழை ரோமன் எழுத்தில் கேட்டார்கள். நான் போராடித் தமிழ் எழுத்திலேயே போடவைத்தேன். உன் கடை முகவரிக்கு அனுப்பிய பிரதி ஏனோ திரும்பி வந்தது. ஆகவே கீழக்கரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். வீட்டில் மகிழ்வார்கள்.

அன்புடன்
முனைவர் மணிகண்டன்

மனாமா
2-5-2006

மணி,

வீட்டில் மகிழ்ந்தார்கள்.

மதீனாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். உன் நாற்பது பக்கத்தில் தமிழாக இருந்தவை எடுத்துக்காட்டு வாக்கியங்கள் மட்டும். அவற்றை ஒன்றுவிடாமல் படித்துத் தொலைத்தாள். பிறகு போன்.

“மச்சான், எந்தக் கடையை மூடித் தொலைச்சீக?”

“யார் சொன்னா?”

“முப்பத்தோராம் நம்பர் சொல்லுது. என் பேரும் போட்டிருக்கு.”

“சொல்லத்தான் நினைச்சேன், மதீனா.”

“கடை போனா போகட்டும். சுவீடன்காரன் வரைக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியலையே.”

வைத்துவிட்டாள். மூன்று வாரமாக நான் அழைத்தால் ஸஹ்ராதான் எடுக்கிறாள்.

நான் அவளிடம் மறைத்தது என் குற்றம். அதை உன்னிடம் கேட்கவில்லை. உனக்கு மட்டும் என்று எழுதியிருந்தேனே, அந்த வரி உன் கண்ணில் படவே இல்லையா? அதில் வினைச்சொல் குறைவோ? உன்னை நம்பித் தொலைத்தேன்.

ரிபாய்

கோதென்பர்க்
11-6-2006

அன்புள்ள ரிபாய்,

மிகவும் வருந்துகிறேன். உன் பெயரை எங்கும் போடவில்லை. ‘தகவலாளர் 4, வணிகர்’ என்றுதான் போட்டேன். உன் கௌரவம் கருதி ‘வணிகர்’ என்பதை மாற்றவில்லை. ‘மதீனாவிடம்’ என்பதை நீக்கலாமா என்று உண்மையாகவே யோசித்தேன். நீக்கினால் வாக்கியத்தில் ஏழாம் வேற்றுமை போய்விடும்.

இன்னொன்று. உன் மே மாதக் கடிதத்தில், மதீனாவின் பேச்சையும் சேர்த்து, ‘தொலை’ மூன்று முறை வருகிறது. கோபத்தில் துணைவினை பெருகும் என்ற என் ஊகத்துக்கு இதைவிடச் சான்று இல்லை. இந்த முறை முறையாக அனுமதி கேட்கிறேன். உன் பதிலுக்காக உட்கார்ந்து காத்திருக்கிறேன். சுவீடிஷிலும் அப்படியேதான் சொல்வார்கள்.

அன்புடன்
மணி

மனாமா
3-7-2006

மணிகண்டன்,

கடிதம் கிடைத்தது. படித்தேன். கிழித்தேன்.

மதீனா நேற்று பேசினாள். ஒரே சொல்: “வாங்க.” ஈசாவிடம் சொன்னேன். “கலாஸ்” என்று கணக்கை முடித்தார், கை குலுக்கினார். வெள்ளிக்கிழமை ஊருக்குக் கிளம்புகிறேன். மாப்பிள்ளை வீட்டுக்கு நானே போவேன், நானே சொல்வேன்.

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதினேன். நீ தேடும் துணைவினை இதில் ஒன்றும் கிடையாது. உன் கணினியிடம் கேள்.

இனி எழுதேன்.

முகம்மது ரிபாய்