கிளப் மைதானத்தின் பத்திரம்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம் என்றுதான் எழுத வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்தபாடில்லை. வேளைக்கு ஒரு மாத்திரை, இரண்டு புலம்பல். குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா?

திங்கட்கிழமை காலை கிளப் மைதானத்துக்கு நில அளவைக்காரர்கள் வந்தார்கள். கோல் கம்பத்துக்கு நேர் முன்னால் கல் நட்டார்கள். கிடங்கு வரப்போகிறதாம். அவர்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டிய விற்பனை ஒப்பந்த நகலில் உன் கையெழுத்து இருந்தது. உன் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் பாதிக் கோபம் என் மேல்தான்.

அப்பா உனக்கு வாங்கிவைத்த இடம் என்று நினைத்திருப்பாய். அது நம் சொத்து இல்லையப்பா. நீ கைக்குழந்தையாக இருந்தபோது கிளப் ஆட்கள் சேர்ந்து வாங்கியது. கிளப் அப்போது பதிவாகவில்லை. செயலாளரான என் பெயரில் வாங்கினால் அரசாங்க வேலையில் ஆயிரம் கேள்வி வரும். எங்கள் கோல்கீப்பர் தையல்காரர்தான், "உங்க பையன் பேர்ல எழுதிடுங்க சார். கைக்குழந்தை யாரை ஏமாத்தப் போகுது?" என்றார். அவரும் நானும் மட்டும் போய் எழுதிவிட்டு வந்தோம். மற்றவர்கள் கிளப் பெயரில் இருப்பதாக நம்பினார்கள். நானும் திருத்தவில்லை. தையல்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

உனக்குப் பதினெட்டு ஆனதும் கிளப்புக்கு மாற்றியிருக்க வேண்டும். முதலில் உன் பரீட்சை, பிறகு வேலை, பிறகு விசா. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை.

அங்கே ஆட்டம் பார்க்க உட்காரும் கேலரியின் பதினோரு படிகளும் நம் கிளப் கொத்தனார் கட்டியது. பின்வரிசையில் ஆடுவார்; ஞாயிற்றுக்கிழமைகளில் கூலி வாங்காமல் கட்டினார். பள்ளத்தை நிரப்ப எல்லோரும் வேலை முடிந்து வரும்போது சைக்கிளில் ஒரு மூட்டை மண் கொண்டுவருவோம். மண் இல்லாமல் வந்தவனுக்கு அன்று ஆட்டத்தில் இடம் கிடையாது. இத்தனை கொட்டியும் ஒரு பக்கம் இன்னும் சரிவுதான்.

கல் நட்ட அந்தத் திங்கட்கிழமை மாலை கிளப் ஆட்கள் எல்லோரும் நம் வீட்டுக்கு வந்தார்கள். கொத்தனார்தான் கேட்டார். "விக்கிறவன் யாருன்னு தெரியுமா சார்? தெரிஞ்சவனா இருந்தா ஒரு வார்த்தை பேசிப் பாருங்களேன்." யாரோ தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். சமையலறையில் அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை பத்திரப்பதிவாம். சட்டப்படி உன்னை யாரும் ஒன்றும் கேட்க முடியாது, நான் உட்பட. அங்கே வீடு வாங்கத்தான் என்றால் இந்த வீட்டை விற்றுத் தருகிறேன், அம்மாவும் சம்மதிப்பாள். அந்தப் பத்திரப்பதிவை மட்டும் நிறுத்திவிடு.

நீயும் மருமகளும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். பத்திரத்தில் இருப்பது என் பிள்ளையின் பெயர்தான் என்று கொத்தனாரிடம் நான் போய்ச் சொல்லும்படி செய்.

உன்
அப்பா