கோட்டுக்கு வெளியே இருந்த பச்சைப் புள்ளிகள்

ஸ்ஃபாக்ஸ்,
நவம்பர் 14

அன்பு மகள் ஹாஜருக்கு அம்மா எழுதுவது. இறைவன் அருளால் முட்டி வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, கனடாக் குளிரில் நீயும் நலமாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே ஆலிவ் பறிப்பு தொடங்கிவிட்டது, ஊரே எண்ணெய் வாசனையில் மிதக்கிறது. பதினான்கு மாதம் ஒரு வரி எழுதாதவள் இப்போது ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய், பொறுத்துப் படி.

ஆய்வுக்கூடத்தில் என் பகலெல்லாம் இருட்டறையில் போகிறது. எலியின் செல்லில் டிஎன்ஏவை நாங்களே அறுத்துவிட்டு அது எப்படிச் சேர்கிறது என்று நுண்ணோக்கியில் பார்க்கிற வேலை. டிஎன்ஏ எங்கும் ஒரே மாதிரி தளர்வாக இருக்காது, சில இடங்களில் இறுக்கிச் சுருட்டி அடைத்திருக்கும், அது நீலத் திட்டாகத் தெரியும். அறுந்த இடம் சிவப்பாக மினுங்கும், சீர்செய்ய வரும் புரதம் பச்சை. பார்க்கப் பார்க்க, கடலடியில் மல்லாந்து கிடந்து மேலே போகிற படகு விளக்குகளைப் பார்ப்பதுபோல ஒரு மயக்கம் வரும், கால் தரையில் இருக்கிற நினைப்பே இராது. திட்டுகளைச் சுற்றிக் கணினியில் கோடு போட்டு உள்ளே இருக்கும் பச்சையை மூன்று மாதம் எண்ணினேன். ஏறக்குறைய ஒன்றுமில்லை. இறுக்கமான இடத்தில் அறுந்தால் சேராது என்று அறிக்கையே எழுதிவிட்டேன். என்னோடு வேலை பார்க்கும் மெஹ்ரெஸ் அதைப் படித்துவிட்டு, டாக்டரம்மா, கோட்டுக்கு வெளிய இருக்கிறதை எல்லாம் அழுக்குன்னு தள்ளிட்டீங்களே, வேலை நடக்கிறதே அங்கதானே என்றான். படங்களை வரிசையாக ஓட்டிக் காட்டினான். அறுந்த முனை மெல்ல மெல்ல நகர்ந்து திட்டின் ஓரத்துக்கு வருகிறது, வந்த பிறகுதான் பச்சை வந்து உட்காருகிறது. உள்ளே டிஎன்ஏவின் ஒரே எழுத்து வரிசை திரும்பத் திரும்ப வருகிற நெரிசல், அங்கேயே சேர்க்கப் போனால் தப்பான துண்டோடு ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் அந்த நடை. பதினொரு முறை பார்த்தேன். கண் கலங்கியதை அவன் பார்த்துவிட்டான், ஒரு காரணமும் இல்லாமல் அவனைத் திட்டி அனுப்பினேன்.

போன வெள்ளிக்கிழமை ஷாத்லியா அத்தை வந்தாள். ஹாஜர் என்னை அறுத்துவிட்டாள், பெருநாளுக்குக்கூட ஒரு சத்தம் இல்லை என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். உன் அப்பாவோடு பிறந்தவள் அல்லவா, பொறுமை ஏது. போதும் அண்ணி, உங்க மக வியாழக்கிழமை தவறாம எனக்குப் பேசுறா, அம்மா சாப்பிட்டாளா, மாத்திரை போட்டாளான்னு கேட்டுக் கேட்டு என் காதே புளிச்சுப்போச்சு, நீங்க மூக்குல மாட்டியிருக்கிற கண்ணாடிகூட அவ அனுப்பினதுதான், சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா என்று கொட்டிவிட்டாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

அப்பாவை அடக்கம் செய்த மூன்றாம் நாள், கூடத்தில் உறவெல்லாம் குஸ்குஸ் தட்டோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, அவர் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது எட்டிப் பார்க்காத மகள் என்று, சாவுக்கு ஓடிவந்திருந்த உன் முகத்துக்கு நேரே சொன்னேன். உண்மை வேறு மகளே. போன ஆண்டு ஆகஸ்ட் தொடக்கம் என்று வைத்துக்கொள், மருத்துவர் கைவிரித்த அன்றே உனக்குச் சொல்லிவிடலாம் என்றேன். அவளுக்குப் பரீட்சை முடியட்டும் நபீஹா, அதுவரைக்கும் நான் தாங்குவேன் என்றார் அப்பா. நானும் நம்பினேன். அவர் தாங்கவில்லை. நீ ஒவ்வொரு முறை கேட்டபோதும் தேறிவருகிறார் என்று சொன்னது நான். அத்தனை பேரும், பெண்ணுக்கு ஏன் சொல்லவில்லை என்று என்னைக் கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் பழியை உன்மேல் தள்ளினேன். நீ ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. அது என்னைத் தூங்கவிடவில்லை.

அப்பாவின் அடுத்த நினைவு நாளுக்கு வா என்று கூப்பிட மாட்டேன், அந்தக் கூடத்தில் ஆளுக்கொன்று சொல்வார்கள். இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற வியாழன் அத்தைக்குப் பேசு, இனி எல்லா வியாழனும் நான் அவள் வீட்டில்தான் இருப்பேன். இறைவன் உன்னைக் காக்கட்டும், உன் கையில் எடுத்ததெல்லாம் துலங்கட்டும். கம்பளிக் காலுறை போடாமல் வெளியே போகாதே. தொலைபேசியை நான் எடுத்தால் உடனே வைத்துவிடாதே, திட்ட வேண்டியதைத் திட்டிவிட்டு வை.

இப்படிக்கு,
உன் அம்மா நபீஹா