இடது பின்வீலுக்கு இன்னும் மெழுகு போடவில்லை

பாதிச் சவாரியில் இறங்கிவிட்ட என் அப்பாவுக்கு,

வண்டி மின்னுகிறது அப்பா. இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நீங்கள் இருந்திருந்தாலும் இதைத்தான் முதலில் கேட்டிருப்பீர்கள்.

சாயங்காலம் முன்வீலுக்கு நேராகக் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். நம் வாசல், தென்னை மரம், கொடியில் காயும் துணி, என் இரட்டைச் சடை எல்லாம் அந்த அலுமினியத்துக்குள் வளைந்து நின்றன. மேகம் ஒன்று வீலின் ஒரு ஆரக்காலிலிருந்து அடுத்த ஆரக்காலுக்குத் தாண்டிப் போனது. எழுந்து வரவே மனமில்லை.

போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். அம்மா பக்கத்து அறையில் படுத்திருக்கிறாள். நான் விழித்திருப்பது தெரிந்தால், பயப்படுகிறேன் என்று கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்துவிட்டால் நாளைக்கு வண்டியை எடுக்க மாட்டாள்.

ஆமாம் அப்பா. நாளைக் காலையில் அம்மா உங்கள் டாக்சியை ஓட்டப் போகிறாள். உங்களுக்கு ஆச்சரியமாக இருக்காது என்று இப்போது தெரியும். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

நீங்கள் போன பிறகு அந்த வண்டியை யாரும் தொடவில்லை. சித்தப்பா வேறொரு டிரைவரை வைத்து அதைத் திருநள்ளாற்றிலிருந்து நம் சுரக்குடிக்குக் கொண்டுவந்தார். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிறுத்தி, நீலத் தார்ப்பாயால் மூடினார். பேட்டரி போய்விடக் கூடாதென்று வாரம் ஒரு முறை வந்து ஸ்டார்ட் செய்வார். எப்படித் தெரியுமா? உள்ளே உட்கார மாட்டார். வெளியே நின்றபடி சன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருகுவார். பிறகு ஓரடி தள்ளி நின்று, பசுவிடம் கன்றை ஊட்டவிட்டுக் காத்திருப்பவர் போலக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

அவரைக் கேலி செய்ய எனக்கு வாயில்லை. நானும் அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தால் கொல்லை வழியாகச் சுற்றித்தான் போனேன்.

ஊரில் என்ன பேசினார்கள் தெரியுமா? சனீஸ்வரனைப் பார்க்க வருகிறவர்களையே ஏற்றி இறக்கிய வண்டி. வருகிறவர்கள் நளன் குளத்தில் முழுகி, உடுத்திய துணியை அங்கேயே விட்டுவிட்டுப் புதுத்துணியோடு திரும்புவார்கள். துணியைக் குளத்தில் விட்டவர்கள் பீடையை உங்கள் வண்டியில் விட்டுப் போய்விட்டார்களாம். நீங்கள் இருக்கும்போதே இந்தப் பேச்சு உண்டு. “சனீஸ்வரன் நம்ம பக்கத்து ஊரு சாமி. லோக்கல் ஆளுங்களத் தொந்தரவு பண்ண மாட்டாரு” என்பீர்கள். அப்போது சிரித்தேன். நீங்கள் போன பிறகு சிரிக்க முடியவில்லை.

அன்றைக்கு நடந்ததைச் சித்தப்பா அம்மாவிடம் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். சவாரி வந்தவர்கள் கோயிலுக்குள் போனதும், வழக்கம்போல் புங்க மரத்தடியில் வண்டியை நிறுத்தி வீல்களைத் துடைத்திருக்கிறீர்கள். மூன்று வீல் முடிந்துவிட்டது. மூச்சு வாங்கியதோ என்னவோ, துடைக்கும் துணியை மடியில் வைத்துக்கொண்டு உங்கள் சீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். அவர்கள் திரும்பி வந்து, “டிரைவர், போலாமா?” என்று கேட்டார்களாம். நீங்கள் பதில் சொல்லவில்லை. இடது பின்வீலில் மட்டும் வழித்தூசி அப்படியே இருந்ததாம்.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்து நின்றார். “அண்ணி, நாகூர்லேருந்து ஒரு ஆளு வண்டியக் கேக்குறாரு. அடுத்த ஞாயித்துக்கெழம வர்றாராம். குடுத்துடுவோம். பாக்கப் பாக்க மனசுதான் கெட்டுப்போவுது.”

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “குடுக்கலாம் தம்பி. ஆனா இந்தக் கோலத்துல குடுக்க மாட்டேன். அவரு வண்டிய அழுக்கா ஒருத்தரும் பாத்ததில்ல.”

தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தோம். கடல் காற்று வயல்களைத் தாண்டி நம் வீடுவரை வருகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வீல்களில் சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெள்ளை பூத்திருந்தது. நீங்கள் எதைப் போட்டுத் துடைப்பீர்கள் அப்பா? எங்களைக் கிட்டேயே விட்டதில்லையே.

வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா குத்துவிளக்கைத் துலக்கினாள். துலக்கி முடித்து, மிச்சம் இருந்த புளி, அடுப்புச் சாம்பல், சலித்த செங்கல் தூள், தேங்காய் நார் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனாள். நேராக இடது பின்வீலின் முன்னால் உட்கார்ந்தாள். விளக்கு தேய்க்கிற அதே கை, அதே அழுத்தம். விளக்காக இருந்திருந்தால் தங்கமாகியிருக்கும். வீல் கறுத்துத் திட்டுத் திட்டாகப் போனது. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உள்ளே வட்ட வட்டமாகக் கீறல்கள்.

“ஐயோ, அவரு ஒரு கோடு விழ விட மாட்டாரே” என்றாள். நீங்கள் போன அன்று முந்தானையை வாயில் வைத்து அழுதவள், அன்றைக்கு அந்த வீலைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

எனக்கு எங்கள் அறிவியல் டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது. “அலுமினியம் ரெண்டு பக்கமும் சாயுற ஆளு. அமிலம் பட்டாலும் வினைபுரியும், காரம் பட்டாலும் வினைபுரியும்.” புளி ஒரு பக்கம், சாம்பல் மறுபக்கம். நாங்கள் இரண்டு பக்கமும் அடித்திருக்கிறோம். பாடத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். காற்றுப் பட்டால் அலுமினியத்தின் மேல் தானாக ஒரு மெல்லிய படலம் பிடிக்குமாம். உள்ளே இருக்கிற உலோகத்தைக் காப்பாற்றத்தான் அந்தப் படலமாம். அதைப் படித்துவிட்டு, வாசலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் காரைக்கால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கார் சாமான் விற்கிற பாய் கடைக்குப் போனேன். போனில் எடுத்த படத்தைக் காட்டினேன்.

“எதப் போட்டும்மா தேச்சீங்க?”

“புளி... சாம்பல்... செங்கத்தூளு.”

“உப்பு, பெருங்காயம் போடலியா? ரசமாவது ஆயிருக்குமே!” என்று கடையே அதிரச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். “யாரு வண்டி?”

சொன்னேன். அவர் உள்ளே போய், தேய்க்கிற வாட்டர் பேப்பர் இரண்டு தினுசு, மெருகுப் பசை ஒரு டப்பா, மெழுகு ஒரு டப்பா எடுத்துவந்தார். “மொதல்ல சோப்புத் தண்ணியில நல்லாக் கழுவு. ஒரு மூலையில பசையத் தொட்டுத் தேச்சுப் பாரு. துணி கறுத்தா வெறும் அலுமினியம். கறுக்கலேன்னா மேல பூச்சு இருக்கு, பேப்பர் போடாம எங்கிட்ட வா. கீறலுக்குச் சொரசொரப்புப் பேப்பரு, அப்புறம் வழுவழு. ரெண்டையும் தண்ணியில நனச்சே தேய்க்கணும். அப்புறம் பசை. வெயில்ல வெச்சுச் செய்யாத. துணி கரியாப் போவும், பயந்துடாதம்மா. கறுப்பு வந்தாத்தான் வேல நடக்குதுன்னு அர்த்தம்.”

இன்று காலையில் தொடங்கினோம். தார்ப்பாயையே பந்தல் போலக் கட்டி நிழல் செய்தோம். மூலையில் தேய்த்துப் பார்த்தேன். துணி கறுத்தது. மெத்தென்ற துணி நிறைய வேண்டும் என்றதும் அம்மா உள்ளே போய் ஒரு கட்டு எடுத்துவந்தாள். உங்கள் பனியன்கள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“இதவிட மெத்துனு துணிக்கு எங்கடி போறது? தேய்” என்றாள்.

தேய்த்தோம். பனியன் கறுத்தது, எங்கள் விரல் கறுத்தது, நகக்கண் கறுத்தது. இவ்வளவு கறுப்பு எங்கிருந்து வருகிறது, நாமே வீலைக் கெடுக்கிறோமோ என்று பயந்தேன். பாய் சொன்னதை மனதுக்குள் சொல்லிக்கொண்டே, சுத்தமான பக்கத்தைத் திருப்பிக் கறுப்பைத் துடைத்தேன். அடியில் உள்ளங்கை அளவுக்கு வெளிச்சம் இருந்தது. அதில் என் கண் தெரிந்தது அப்பா! கத்திவிட்டேன். அம்மா ஓடிவந்து பார்த்தாள். அந்த உள்ளங்கைக்குள் எங்கள் இரண்டு பேர் முகமும் இருந்தது. இத்தனை மாதம் அந்தப் பளபளப்பு எங்கே போயிருந்தது? அங்கேயேதான் இருந்ததா?

ஒவ்வொரு வீலும் மேல் பாதி சுலபமாக வந்துவிட்டது. கீழ்ப்பாதிக்குக் கை வளையவில்லை. தரையில் படுத்துப் பார்த்தேன், அழுத்தம் கிடைக்கவில்லை. வண்டி அரைச் சுற்று உருண்டால் கீழே இருப்பது மேலே வந்துவிடும். இரண்டு பேரும் சேர்ந்து தள்ளினோம். டயர் மண்ணில் புதைந்து கிடந்தது, அசையவில்லை.

“சித்தப்பாவக் கூப்புடவாம்மா?”

“அவரு சன்னலு வழியால்ல ஓட்டுவாரு” என்றாள் அம்மா. நீங்கள் போன பிறகு அவள் சொன்ன முதல் கேலி அது. பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சாவியை எடுத்துவந்தாள். “தள்ளி நில்லு.”

உங்கள் கதவைத் திறந்தாள். உங்கள் சீட்டில் உட்கார்ந்தாள். இஞ்சின் உறுமியது. வண்டி ஒரு குலுக்கலும் இல்லாமல், தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் நகர்த்துவது போல, சரியாக அரைச் சுற்று உருண்டு நின்றது.

“ஒனக்கு எப்புடிம்மா தெரியும்?”

“ஒங்கப்பாதான். நீ பொறக்குறதுக்கு மின்ன. அறுப்பு முடிஞ்ச வயல்ல வெச்சுக் கத்துக்குடுத்தாரு. லைசென்சும் எடுக்க வெச்சாரு. பீரோவுலதான் இருக்கு.”

“அப்புறம் ஏம்மா ஓட்டவே இல்ல?”

“அவரு ஓட்டும்போது பக்கத்துல ஒக்காந்து வர்றதுதான் எனக்குப் புடிச்சுது.”

இதை ஏன் அப்பா நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் சொன்னதே இல்லை?

அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா வந்துவிட்டார். பைக்கைக்கூட நிறுத்தாமல், “அண்ணி! எறங்குங்க அண்ணி!” என்று அலறினார்.

“எறங்குறேன் தம்பி. வீலு மேல வந்துச்சான்னு பாத்துச் சொல்லுங்க.”

அவர் குனிந்தார். நிமிரவில்லை. வீலின் துடைத்த பாதியில் தெரிந்த தன் மீசையை மெதுவாக ஒதுக்கிக்கொண்டார். “இதுல பாத்தே சவரம் பண்ணிக்கலாம் போலருக்கே அண்ணி” என்றார்.

அம்மா இறங்காமலே பேசினாள். “தம்பி, இந்த வண்டிய நீங்கதான் ஆள வெச்சுக் கொண்டாந்தீங்க. அன்னிக்கு அவரு ஆரம்பிச்ச சவாரி அந்த மரத்தடியிலயே நிக்குது. நாளைக்கு நான் ஓட்டிட்டுப் போயி, அங்க நிறுத்திட்டு, திருப்பிக் கொண்டாரேன். அதுக்கப்புறம் விக்கிறதா வேணாமான்னு பாப்போம்.”

சித்தப்பா நிமிர்ந்தார். “சரி அண்ணி. நாகூர்க்காரர மத்தியானம் வரச் சொல்றேன். ஓட்ட முடியலேன்னா சாவிய அவருகிட்ட குடுத்துடுவோம். நல்லபடியா வந்துட்டீங்கன்னா வண்டி இங்கயே கெடக்கட்டும். நான் வாயத் தொறக்கல.”

சாயங்காலம் வாய்க்கால் கரைப் பாதையில் அம்மா ஓட்டிப் பார்த்தாள். சித்தப்பா பைக்கில் முன்னால் போய் ஆடுகளை விரட்டினார். நான் ஏறவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன். வந்து இறங்கிய அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள். “நாளைக்கு வர்றியா? பயமா இருந்தா வேணாம், நானும் போகல” என்றாள். பயமெல்லாம் இல்லை என்றேன்.

பிறகு வீல்களைத் திரும்பத் துடைத்து மெழுகு போட்டோம். உப்புக் காற்றுக்கு அதுதான் காவலாம். மூன்று வீல் முடிந்து இடது பின்வீலுக்கு வந்ததும் அம்மா டப்பாவை மூடிவிட்டாள். “இத அங்க போயிப் போட்டுக்கலாம்.”

பனியன்களை அவள் எறியவில்லை. துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறாள். கறுப்பு போகவில்லை.

அப்பா, நான் பயப்படுகிறேன். உங்களைக் கொண்டுபோன சீட்டில் அம்மா உட்காரப் போகிறாள். ஆனாலும் கண்ணை மூடினால் அந்தச் சீட்டு வருவதில்லை. சத்தமில்லாமல் உருண்ட அந்த அரைச் சுற்றுதான் வருகிறது. கீழே கிடந்தது மேலே வந்ததுதான் வருகிறது.

அதனால் நாளைக்கு நான் முன்சீட்டில் ஏறுவேன். வழியில் கண்ணை மூட மாட்டேன். மரத்தடியில் அம்மா வண்டியை நிறுத்தியதும் முதல் ஆளாக நான் இறங்குவேன். நீங்கள் விட்டுப் போன அந்த வீலுக்கு மெழுகு போட்டு, நாம் மூன்று பேரும் தெரிகிறவரைக்கும் துடைப்பேன். அப்புறம் அம்மாவிடம், “டிரைவர், போலாமா?” என்று நானே கேட்பேன்.

அவள் பதில் சொல்வாள் அப்பா.

உங்கள் மகள்,
நாளையிலிருந்து அம்மா வண்டியின் கிளீனர்