ஐந்து பேர் உட்காரும் கார்

உ

லயம் 14, கீழ் டிவிஷன்,
ரெம்பாவ், மலேசியா.
டிசம்பர் 5

அன்பு மகன் சுகுமாறனுக்கு அம்மா எழுதுவது. இங்கே மாரியம்மன் புண்ணியத்தில் நான் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன், முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. பெர்த்தில் நீயும் ரோகினியும் பிள்ளைகள் இரண்டும் வயிற்றில் இருக்கிற மூன்றாவதும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாய், அங்கே வீடு முழுக்கக் கேட்கிறது, இங்கே பக்கத்து வீட்டுப் பஞ்சாலை அக்கா சுவரோரம் வந்து நிற்கிறாள். சில பேச்சு அப்படிப் பேச முடியாது. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துப் படித்துக்கொள்.

முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். உன் அக்கா ரதியின் மகள் ஷாமினிக்குப் போர்டிக்சன் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படிக்க இடம் கிடைத்துவிட்டது, வீட்டில் எந்த பல்பு போனாலும் இனி அவளைத்தான் கூப்பிட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் தம்பி குணாளன் பேச்சுப் போட்டியில் மாநில அளவில் இரண்டாவதாக வந்தான், முதலாவது வந்த பிள்ளையைவிட இவன் குரல்தான் மண்டபத்துக் கடைசி நாற்காலி வரைக்கும் கேட்டதாம். நம் கவிஷன் ஐம்பது மீட்டர் நீந்திச் சர்டிபிகேட் வாங்கியதைக் கோயிலில் பத்துப் பேருக்குச் சொன்னேன், ஐம்பது மீட்டர் எவ்வளவு தூரம் என்று கேட்டவர்களுக்கு வாசலிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் கை நீட்டிக் காட்டினேன். தனிஷா மூன்று வயதில் போனில் எனக்கு இங்கிலீஷில் நூறு வரைக்கும் எண்ணிக் காட்டினாள், எனக்கு இருபதுக்கு மேல் தெரியாது, சரி சரி என்று தலையாட்டினேன். உன்னைச் சுரங்கக் கம்பெனியில் அறுபது பேருக்கு மேலே வைத்திருக்கிறார்கள் என்றால் இங்கே யாருக்கும் விளங்கவில்லை, நம் தோட்டத்தில் ஆள்களை வேலை வாங்குகிற பெரிய மண்டோர் மாதிரி என்று சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. உங்கப்பா இருந்திருந்தால் இதையெல்லாம் சொல்லிச் சொல்லி இந்த லயத்து வீடுகளில் ஒருவரையும் தூங்க விட்டிருக்க மாட்டார், அவர் இல்லாததால் அந்த வேலையையும் நானே பார்க்கிறேன்.

இனிமேல் கார் விஷயம். மூன்று படம் அனுப்பியிருந்தாய், வெள்ளை, கருப்பு, நீலம். குடும்பம் பெரிசாகிறது, இப்போது இருக்கிற சின்னக் கார் பத்தாது, இன்னொருவர் ஓட்டிய கார் என்றாலும் பெரிய இடத்துக் கார், மிதித்தால் பறக்கும், கதவைச் சாத்தினால் சத்தமே வராது என்றெல்லாம் சொன்னாய். உன் முதல் மோட்டார் சைக்கிளை நான்தான் கை காட்டினேன், அது பத்து வருஷம் உழைத்தது, அதனால் இதையும் அம்மாவே சொல்லட்டும் என்றாய். அந்த ஒரு வார்த்தைக்கு நான் இரண்டு நாள் தரையில் கால் படாமல் நடந்தேன். ஆனால் படத்தை வைத்து எப்படிச் சொல்வது, சேலைக்கே பிரித்துப் பார்த்து, முந்தானையைத் தடவிப் பார்த்துத்தானே சொல்கிறோம். ஏறி உட்கார்ந்து பார்த்துவிடுவோம் என்று போன செவ்வாய்க்கிழமை பஞ்சாலை அக்காவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிச் சிரம்பானில் பழைய கார் விற்கிற இடத்துக்குப் போனேன்.

அங்கே நின்ற பையன் பெயர் ஷங்கர், நம் ஆள்தான். குடையும் துணிப்பையுமாக எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, கோயில் நன்கொடையா பாட்டி, பாஸ் சாப்பிடப் போயிட்டாரு லா, அப்புறம் வாங்க என்றான். பஞ்சாலை அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம், காரு பாக்க வந்திருக்கோம்டா தம்பி, பேசாம கதவத் தொற என்றாள். அவன் சிரிக்கவில்லை, அதற்கே அவன் நன்றாக இருக்க வேண்டும். நீ அனுப்பிய படத்தைப் போனில் காட்டினேன். அண்ணனுக்கு நல்ல டேஸ்ட்டு லா என்று சொல்லி அதே ரகத்தில் சாம்பல் நிறக் கார் ஒன்றைத் திறந்து விட்டான். செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் ஏறினோம், செருப்போடவே ஏறலாம் என்றான், எங்களுக்கு மனம் வரவில்லை. உள்ளே தோல் வாசனை, புதுப் பை மாதிரி. பஞ்சாலை அக்கா கதவோரம், நான் நடுவில். நடு இடத்தில் காலுக்குக் கீழே ஒரு மேடு எழும்பி நிற்கிறது தம்பி, ஒரு கால் அந்தப் பக்கம், ஒரு கால் இந்தப் பக்கம், முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிட்டது. மூன்று பிள்ளைகளுக்கு மூன்று சீட்டு வைத்தால் பிறகு இடம் இருக்குமா என்று கேட்டேன். அவன் தன் சொந்தக் காரிலிருந்து தன் பிள்ளையின் சீட்டைக் கழற்றிக்கொண்டு வந்து வைத்துக் காட்டினான். ஒல்லியான சீட்டாகப் பார்த்து வாங்கினால் மூன்றையும் நெருக்கி வைத்துவிடலாமாம், அதோடு பின்பக்கம் முடிந்ததாம், பெரியவர்கள் யாரும் ஏற முடியாதாம். "இது ஓட்டுறவருக்கு செஞ்ச காரு பாட்டி, கூட வர்றவங்களுக்கு செஞ்சது இல்ல" என்றான்.

இறங்கலாம் என்றால் என்னால் எழ முடியவில்லை, அவ்வளவு பள்ளத்தில் இருக்கிறது சீட்டு. அவன் ஒரு கையையும் பஞ்சாலை அக்கா ஒரு கையையும் பிடித்து இழுத்தார்கள், மூட்டை எறக்குற கூலிய குடுத்துட்டுப் போ லெட்சுமி என்று அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். பக்கத்தில் உயரமாக ஏழு பேர் போகிற வண்டி ஒன்று நின்றது, குடும்பத்துக்குன்னா இதுதான் பாட்டி, ஏறிப் பாருங்க என்று அந்தக் கதவையும் திறந்தான். நான் ஏறவில்லை. ஏறி உட்கார்ந்தால் ஆசை வரும்.

திரும்பும்போது பெடாஸ் தாண்டுகிற வரைக்கும் பஞ்சாலை அக்கா பஸ் டிக்கெட்டை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன் மவன் அஞ்சு பேருக்குத்தான் காரு பாக்குறான் லெட்சுமி" என்றாள். நான் விட்டுக்கொடுக்கவில்லை, ரெண்டு நடையா ஏத்திக்கிட்டுப் போவான் என்றேன். ஆமா ஆமா என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து விரல் விட்டு எண்ணினேன், நீ, ரோகினி, கவிஷன், தனிஷா, வரப்போகிறது. மறந்திருப்பாய் என்று மனதைத் தேற்றப் பார்த்தேன். ஆனால் நீ பள்ளிக்கூடத்தில் கணக்கில் ஒரு மார்க்குகூட விட்டதில்லையே, உன் ரிப்போர்ட் கார்டு எல்லாம் என் பெட்டியில்தான் இருக்கிறது. உன்மேல் வருத்தம் என்று எழுதவில்லை தம்பி. உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருப்பதால் எழுதுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் தீபாவளிக்கு வந்தபோது கோயில் வாசலில் எல்லாரும் நிற்க, அடுத்த தடவை வரும்போது அம்மாவைக் கூட்டிக்கொண்டுதான் போவேன் என்றாய் அல்லவா. இந்த ஆடி மாதம் தோட்டத்து ஆபீஸிலிருந்து கணக்கெழுதுகிற கிராணி ஒரு பட்டியலோடு வந்தார். தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள், தைப்பூசம் முடிந்த மறு வாரம் லயத்தை இடிக்கிறார்கள், பதிலுக்குப் புதுக் குடியிருப்பில், தாமானில், சின்ன வீடு, வேண்டும் என்கிறவர்கள் கையெழுத்துப் போடுங்கள் என்றார். பதினோரு குடும்பம் வரிசையில் நின்றது. என் முறை வந்தபோது, எனக்கு எதுக்கய்யா வீடு, என் மகன் வந்து கூட்டிக்கிட்டுப் போறான், இல்லாதவங்களுக்குக் குடுங்க என்றேன். யோசிச்சுச் சொல்லும்மா என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் சத்தமாகவே சொன்னேன், எல்லார் காதிலும் விழட்டும் என்று. என் பேர்மேல் கோடு போட்டுவிட்டார். அன்றைக்கு நான் நடந்து வந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டும். தையல் மெஷினையும் அலமாரியையும் அந்த வாரமே கொடுத்துவிட்டேன், அலமாரி பஞ்சாலை அக்காவிடம் இருக்கிறது, அவள் புது வீட்டுக்குப் பொருந்தும்.

சிரம்பான் போய் வந்த மறுநாள் ஆபீஸுக்குப் போனேன். பயணம் கொஞ்சம் தள்ளிப்போகிறது, பேரை மறுபடி எழுத முடியுமா என்று கேட்டேன். பட்டியல் மேலிடத்துக்குப் போய்விட்டது, அந்த வீடு வாட்ச்மேன் குடும்பத்துக்கு ஆகிவிட்டது என்றார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, மேசையில் இருந்த தாளையே பார்த்துச் சொன்னார், நல்ல மனிதர். ரதி நீலாய்க்கு வாங்கம்மா என்கிறாள். மூன்றாவது மாடி, லிப்ட் இல்லை, இரண்டு அறையில் நான்கு பேர், ஹாலில் நான் படுத்தால் விடியற்காலை பாக்டரிக்குப் போகிற மாப்பிள்ளை என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. ஏறினால் ஏறினதுதான், இந்த முழங்காலோடு திரும்ப இறங்குவேன் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதைப் படித்துவிட்டு உடனே போன் பண்ணி ஏற்பாடு பண்ணுகிறேன் அம்மா, விசா பார்க்கிறேன் அம்மா என்று சொல்லாதே. நீ சொன்னால் நான் நம்பிவிடுவேன், நம்பி இன்னும் நாலு பேரிடம் சொல்லிவிடுவேன். அது ஒன்றைத்தான் உன்னிடம் கேட்கிறேன்.

காருக்கு வெள்ளையை எடு. கருப்பு வெயிலில் கொதிக்கும், பச்சைப் பிள்ளைக்கு ஆகாது. நீலம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தி நேரத்தில் எதிரே வருகிறவன் கண்ணுக்குத் தெரியாது. வாங்குவதற்கு முன் பெல்ட்டை எல்லாம் கடைசி வரைக்கும் இழுத்துப் பார், வெள்ளத்தில் முங்கிய கார் என்றால் உள் மடிப்பில் சேற்றுக் கறை இருக்கும் என்று ஷங்கர் சொன்னான். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து எடு, ரோகினியை அன்றைக்கு முன்னால் உட்கார வை, பின்னால் குனிந்து பிள்ளைகளுக்கு பெல்ட் மாட்டுகிற வேலையை அவளுக்கு மாதம் முடிகிற வரைக்கும் நீயே செய். மிதித்தால் பறக்கும் என்பதற்காக மிதிக்காதே. நீங்கள் ஐந்து பேரும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், பிறக்கப்போகிறது சுகமாகப் பிறக்க வேண்டும், காலையும் மாலையும் அதைத்தான் அம்மனிடம் கேட்கிறேன்.

சுவரில் மாட்டியிருக்கிற படத்தில் கவிஷனுக்குப் பல்கூட முளைக்கவில்லை, தனிஷா இல்லவே இல்லை. புதிதாக ஒன்று எடுத்து அனுப்பு, போனில் வேண்டாம், கையில் பிடிக்கிற மாதிரி தபாலில் அனுப்பு. கார் வந்ததும் அதன் பக்கத்தில் நின்று எடுங்கள், கதவுகளை எல்லாம் திறந்து வைத்து எடுங்கள், யார் யார் எந்த இடத்தில் உட்காருகிறீர்கள் என்று நான் பார்க்க வேண்டும். தைப்பூசத்துக்கு முன்னால் என்றால் இந்த விலாசத்துக்கே அனுப்பு, தபால்காரர் அதுவரைக்கும்தான் வருவாராம். தாமதமாகும் என்றால் பஞ்சாலை அக்காவின் புது வீட்டு விலாசத்தை அடுத்த பக்கத்தில் எழுதியிருக்கிறேன், அங்கே அனுப்பு, நான் எங்கே இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

இப்படிக்கு
உன் அம்மா
மு. லெட்சுமி